ரிலே அவுட்புட்டுக்காகவே தேர்ந்தெடுத்த ஆர்டியு: பதினான்கு மாதம் கழித்து

கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலை பூலிங் சப்ஸ்டேஷனுக்குப் புது ஆர்டியு வாங்க வேண்டியிருந்தது. ரிமோட் டெர்மினல் யூனிட், அதாவது சப்ஸ்டேஷன் நிலவரத்தைத் தொலைவில் உள்ள கண்ட்ரோல் சென்டருக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் கட்டளையை இங்கே நிறைவேற்றும் பெட்டி. 33 கேவி பீடர் ஆறு, 110 கேவி லைன் ஒன்று, நடுவில் 50 எம்விஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று. மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். எத்தனை இன்புட் எடுக்கும், எத்தனை கண்ட்ரோல் சென்டரோடு ஒரே சமயத்தில் பேசும், திரையில் படம் எப்படி வரும், எல்லாம் சொன்னார்கள். அவுட்புட் பற்றிக் கேட்டபோது மட்டும் "பதினாறு டிஓ (டிஜிட்டல் அவுட்புட்) இருக்கு சார்" என்று ஒரு வரியில் முடித்தார்கள்.

எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. இன்புட் தப்பினால் திரையில் பொய் தெரியும், போன் போட்டுக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவுட்புட் தப்பினால் பிரேக்கர், அதாவது லைனை இணைக்கும், துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச், அடித்துவிடும். அதனால் மூவரிடமும் அவுட்புட் கார்டை மட்டும் தனியாக வாங்கி, மேசையில் வைத்துச் சோதித்து, அதில் தேறிய ஒன்றை எடுத்தோம். சைட் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கம்பெனி, மாடல் பெயர் எழுதவில்லை. யாருடைய ஆர்டியு வாங்கினாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் அது பெரிய குறையாக இருக்காது.

இந்த ஆர்டியுவில் மூன்று வகை அவுட்புட் கார்டு கிடைக்கும். ஒன்று ரிலே, ஒன்று டிரான்சிஸ்டர், ஒன்று 4-20 மில்லியாம்ப் அனலாக். மூன்றும் எங்கள் பேனலில் இருக்கின்றன.

முதலில் ரிலே கார்டு. வாங்கச் சொன்ன காரணமே அதுதான்.

ஒரு கார்டில் 16 ரிலே. ஒரு கட்டளைக்கு ஒரு ரிலே என்று ஒரு துருவ முறையில் பயன்படுத்தினால் 16 கட்டளை கிடைக்கும். இந்த முறையில் ரிலே பாசிட்டிவை மட்டும் தட்டிக் கொடுக்கும். நெகட்டிவ் எப்போதும் பிரேக்கரை இயக்கும் காயிலிலேயே நிற்கும். வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிக்காது. பேட்டரியின் பாசிட்டிவ் ஒரு இடத்தில் எர்த் ஆகியிருக்கும்போது, கார்டிலிருந்து காயிலுக்குப் போகும் வயரும் கேபிள் ட்ரெஞ்சில் எங்காவது எலி கடித்து எர்த் ஆனால், யாரும் கட்டளை கொடுக்காமலே காயிலுக்கு மின்சாரம் போய்விடும். இரு துருவ முறையில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தனித்தனி ரிலே இணைக்கும், இரண்டும் சேர்ந்து மூடினால்தான் காயில் இழுக்கும். விலை என்னவென்றால் 16 ரிலேக்கு 8 கட்டளைதான். இடையில் ஒன்றரை துருவம் என்று ஒன்று உண்டு: பாசிட்டிவுக்கு ஆளுக்கொரு ரிலே, நெகட்டிவுக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல வழி.

நாங்கள் இரு துருவமே எடுத்தோம். எட்டு பிரேக்கருக்கு ட்ரிப் (திறக்க), குளோஸ் (மூட) என்று 16, டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சருக்கு 2, கரண்டு போனாலும் நிலை மாறாத ஒரு லாட்சிங் ரிலேக்கு 2, சோதனைக்காக வைத்த டம்மி பிரேக்கருக்கு 2, மொத்தம் 22. மூன்று கார்டு போட்டு 24 கிடைத்தது, இரண்டு உபரி. இரண்டு கார்டில் முடிக்க வேண்டிய வேலைக்கு எதற்கு மூன்று என்று விற்பனையாளரே கேட்டார். இதற்கு விடை ஒரு பழைய சம்பவத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது.

ஒன்பது வருடம் முன்பு, வேறொரு ஊரில், வேறொரு கம்பெனி ஆர்டியு. அங்கே ஆர்டியு கார்டின் ரிலே காண்டாக்டை நேராக பிரேக்கர் குளோசிங் காயிலில் கொடுத்திருந்தார்கள். காண்டாக்ட் 5 ஆம்ப் தாங்கும் என்று கார்டின் மேலேயே அச்சடித்திருந்தது. அது 250 வோல்ட் ஏசிக்கு. அதே காண்டாக்ட் 110 வோல்ட் டிசியை வெட்டினால் 0.3 ஆம்ப்தான் தாங்கும் என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருந்தது. ஏசியில் மின்னோட்டம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் தானாக அணையும். டிசியில் அந்த வசதி கிடையாது, இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காயிலை நான் அளந்தேன்: 46 ஓம். 110 வோல்டுக்கு ஏறக்குறைய 2.4 ஆம்ப்.

அப்படியிருந்தும் நாள் ஓடும். எப்படி என்றால், காயில் மின்னோட்டத்தை வெட்டுவது வழக்கமாக ஆர்டியு காண்டாக்ட் அல்ல. பிரேக்கர் மூடி முடிந்ததும் அதன் உள்ளேயே இருக்கும் ஆக்சிலரி ஸ்விட்ச் வெட்டிவிடும். ஆனால் அங்கே பல்ஸ் நேரம், அதாவது ஒரு கட்டளைக்கு ஆர்டியு காண்டாக்ட் மூடியிருக்கும் நேரம், 100 மில்லிசெகண்டில் நின்றது, தொழிற்சாலையில் வைத்தது, யாரும் மாற்றவில்லை. பிரேக்கரோ பழையது, மூட அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. ஆக, ஆக்சிலரி ஸ்விட்ச் வெட்டும் முன்பே ஆர்டியு காண்டாக்ட் வெட்டப் போய், ஒவ்வொரு தடவையும் ஆர்க் வாங்கி, ஒருநாள் வெல்டாகி ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் பீடர் ட்ரிப் ஆனது. கண்ட்ரோல் ரூமிலிருந்து குளோஸ் கொடுத்தால் ஆகவில்லை. குளோஸ் கட்டளை நிரந்தரமாக நின்றுகொண்டிருந்ததால் பிரேக்கரின் ஆன்டி பம்பிங் ரிலே இழுத்தபடியே இருந்து, மறுபடி மூட விடாமல் தடுத்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆபரேட்டர் யார்டுக்கு வந்து பார்த்தார். ஸ்பிரிங் சார்ஜ் ஆகியிருக்கிறது, கேஸ் பிரஷர் சரி, டிசி சரி. லோக்கல்-ரிமோட் ஸ்விட்சை லோக்கலுக்குத் திருப்பிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சரி, நீங்க மறுபடி கொடுத்துப் பாருங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே ரிமோட்டுக்குத் திருப்பினார். யாரும் எதையும் அழுத்தவில்லை. பிரேக்கர் மூடியது.

லோக்கலுக்குத் திருப்பியபோது ஆன்டி பம்பிங் ரிலே விடுபட்டுவிட்டது. ரிமோட்டுக்குத் திருப்பியதும், ஒட்டிக்கொண்டிருந்த காண்டாக்ட் வழியாகப் புதுக் கட்டளை போலவே காயிலுக்கு 110 வோல்ட் போனது. இரு துருவமாக இருந்திருந்தால் ஒரு காண்டாக்ட் ஒட்டியது மட்டும் போதாது. அந்த நேரம் லைன் பார்க்க இரண்டு பேர் பைக்கில் போயிருந்தார்கள். எல்.சி. (லைனில் வேலை செய்யலாம் என்ற அனுமதி) கொடுக்கவில்லை, அதனால் யாரும் கம்பத்தில் ஏறவில்லை. அந்த ஆபரேட்டருக்கு அன்று ராத்திரி முழுக்கக் கை நடுங்கியது. மறுநாள் நான்தான் அந்தக் கார்டைக் கழற்றி ரிலே மூடியைத் திறந்தேன். இரண்டு வெள்ளிப் புள்ளிகள், மிளகு அளவு, ஓரம் கருத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகத்தால் நெம்பியதும் டிக் என்று ஒரு சத்தத்தோடு பிரிந்தன.

அதிலிருந்து எந்த ஆர்டியு வந்தாலும் மேசையில் வைத்து நான் செய்யும் முதல் சோதனை இது. ஐந்தாவது அவுட்புட்டின் டெர்மினலில் ஒரு துண்டு வயரால் ஜம்பர் போட்டு, காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது போலச் செய்வேன். பிறகு ஏழாவதுக்குக் கட்டளை கொடுப்பேன். வந்த மூன்றில் இரண்டு ஆர்டியு எதையும் கவனிக்காமல் ஏழாவதை மூடின, ஐந்தும் கூடவே போனது. இந்த ஆர்டியு மூடவில்லை. கட்டளை கொடுக்கும் முன் அந்தப் பாதையின் மின்தடையை அளந்து பார்க்கிறது. இப்போது நாங்கள் ஆர்டியு கார்டுக்கும் பிரேக்கர் காயிலுக்கும் நடுவே ஒரு ஹெவி டியூட்டி ரிலே வைக்கிறோம், அதன் காயில் 8 கிலோ ஓம். ஒரு காயில் மட்டும் இணைந்திருந்தால் 8 வரும். இரண்டு சேர்ந்திருந்தால் 4 வரும். 4 வந்ததும் கட்டளையை மறுத்து, திரையில் அலாரம் கொடுத்து, எந்தக் கார்டு என்றும் சொன்னது. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் தம்பி, "சார், இன்னொரு தடவை போடுங்க" என்றான். ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஜம்பரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒரு தடவைகூட ஏமாறவில்லை. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன ஐப்பசியில் ஒரு ஹெவி டியூட்டி ரிலே கெட்டுப்போனது. கையில் இருந்த வேறு கம்பெனி ரிலேயை மாட்டினோம், அதன் காயில் 5 கிலோ ஓம். ஆர்டியு கட்டளையை மறுத்தது. அளவு பொருந்தவில்லை என்றால் அது மறுக்கத்தான் செய்யும். செட்டிங்கில் வரம்பைத் தளர்த்தினால் சோதனைக்கே அர்த்தமில்லாமல் போகும். அதே 8 கிலோ ஓம் ரிலே வரும்வரை நான்கு நாள் அந்த பீடரை யார்டிலேயே நின்று இயக்கினார்கள். இப்போது உபரியாக ஆறு ரிலே அலமாரியில் இருக்கிறது.

ஹெவி டியூட்டி ரிலே ஏன் என்பது இதற்குள் புரிந்திருக்கும். ஆர்டியு காண்டாக்ட் இப்போது வெட்டுவது 14 மில்லியாம்ப் மட்டுமே. 2.4 ஆம்ப் டிசியை வெட்டும் வேலையை, உள்ளே காந்தம் வைத்து ஆர்க்கை ஊதி அணைக்கிற பெரிய ரிலே பார்த்துக்கொள்கிறது. டெண்டரில் "இன்டர்போசிங் ரிலே" (இடையில் வைக்கும் ரிலே) என்று மட்டும் எழுதினால், கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு சின்ன ரிலேயைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டிசி வோல்டேஜ், வெட்டும் ஆம்ப், இரண்டையும் எண்ணாக எழுதுங்கள்.

அடுத்து பல்ஸ் நேரம். எங்கள் சைட்டில் ஆர்டியுவும் கண்ட்ரோல் சென்டரும் பேசிக்கொள்ளும் மொழி ஐஇசி 104 புரோட்டோகால். இதில் கண்ட்ரோல் சென்டர் அனுப்பும் கட்டளையில் குறும் பல்ஸ், நீள் பல்ஸ், நிலையான அவுட்புட் என்று வகை மட்டும்தான் போகும். குறும் பல்ஸ் என்றால் எத்தனை மில்லிசெகண்ட் என்பது ஆர்டியுவுக்குள் நாம் வைப்பது. டிஎன்பி3 என்ற இன்னொரு புரோட்டோகாலில் வேறு மாதிரி, எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பது கட்டளையோடு சேர்ந்தே வரும். 104-ல் வேலை செய்கிறவர்கள் ஆர்டியு செட்டிங்கைப் பார்க்காமல் விட்டால் தொழிற்சாலை எண்தான் ஓடும். இந்த ஆர்டியுவிலும் அது 100 மில்லிசெகண்டாகவே வந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ட்ரிப்புக்கு 500, குளோசுக்கு 1000 என்று மாற்றினேன். இன்னொன்று, ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டியிருந்தது, மொத்தமாக மாற்ற வழியில்லை. 22 தடவை தட்டியதில் ஒன்றை விட்டுவிட்டோம். டம்மி பிரேக்கர் சோதனையில் அது அகப்பட்டது. கம்பெனி இதைச் சரிசெய்ய வேண்டும்.

பிரேக்கருக்கு டபுள் கமாண்ட் வைத்திருக்கிறோம். சிங்கிள் கமாண்டில் 0, 1 இரண்டே நிலை. டபுளில் 1 என்றால் ஆஃப், 2 என்றால் ஆன், 0-வும் 3-ம் செல்லாது. பிட் ஒன்று புரண்டால் ஆன் ஆஃபாகிவிடாது, செல்லாததாகிவிடும். அதற்கு மேல் செலக்ட், பிறகு எக்சிகியூட் என்று இரண்டு படி. செலக்ட் செய்து 20 விநாடிக்குள் எக்சிகியூட் வராவிட்டால் ரத்து. நான் லோக்கல் திரையிலிருந்து ஒரு பீடரையும் கண்ட்ரோல் சென்டரிலிருந்து இன்னொரு பீடரையும் ஒரே நேரத்தில் செலக்ட் செய்யச் சொன்னேன். பிந்தி வந்ததை மறுத்தது. இது மிகச் சரி.

104-ல் யார் கட்டளை கொடுக்கிறார்கள் என்று அடையாளம் பார்க்கும் ஏற்பாடு அடிப்படையில் கிடையாது. 2016 டிசம்பரில் உக்ரைனின் கீவ் பகுதியில் சப்ஸ்டேஷனை அணைத்த தீய மென்பொருளுக்கு இதே 104 கட்டளைகளை அனுப்பத் தெரிந்திருந்தது. அதனால் எந்த ஐபியிலிருந்து வரும் கட்டளையை ஏற்பது என்ற பட்டியலை இந்த ஆர்டியுவில் வைக்க முடிவது நல்லது, வைத்திருக்கிறோம். அதோடு நிற்காமல் லோக்கல்-ரிமோட் ஸ்விட்சை வயரிங்கிலேயே போட்டிருக்கிறோம். மென்பொருளில் மட்டும் இருக்கும் லோக்கல்-ரிமோட்டை நம்பி ஒரு ஆளை யார்டுக்குள் அனுப்ப எனக்கு மனம் வராது.

டேப் சேஞ்சருக்கு ஸ்டெப் கமாண்ட், ஒன்று கூட்டு அல்லது ஒன்று குறை. மோட்டார் ஒரு டேப் நகர ஐந்து விநாடி எடுக்கிறது, அதற்குள் இன்னொரு கட்டளை வந்தால் ஆர்டியு ஏற்பதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிரான்சிஸ்டர் கார்டு, 24 வோல்ட், ஒரு அவுட்புட்டுக்கு அரை ஆம்ப். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் ரிலே கார்டு இதைப் போல இரண்டு மடங்கு விலை. தேயாது, சத்தமில்லை, எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் தட்டலாம். அலாரம் ஹூட்டர், பேனல் விளக்கு இவற்றுக்கு வைத்திருக்கிறோம். முதல் வாரமே ராத்திரி ஷிப்டு அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டு, "சார், ஆஃப்ல இருக்கிற லைட்டு மங்கலா எரியுது" என்றார். போய் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன், உண்மைதான். டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனாலும் துளி மின்னோட்டம் கசியும், எல்இடிக்கு அது போதும். பேனல் விளக்குக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மங்கல் வெளிச்சம்தான் பிரேக்கருக்கு இந்தக் கார்டு ஏன் ஆகாது என்பதற்குச் சாட்சி. ரிலே திறந்தால் நடுவே காற்று இருக்கிறது. டிரான்சிஸ்டரில் அது இல்லை, கெட்டுப்போனாலும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும்.

நிலையான அவுட்புட் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆட்டோ ரீகுளோஸை (ட்ரிப் ஆன பிரேக்கரைத் தானாக மறுபடி மூடும் வசதி) ஆன், ஆஃப் செய்ய ரிலே கார்டின் ஒரு அவுட்புட்டை நிலையாக வைத்துப் பார்த்தோம். ஆர்டியுவை ஆஃப் செய்து ஆன் செய்தால் அவுட்புட் விழுந்துவிட்டது. திரையிலோ ஆன் என்றே நின்றது, ஏனென்றால் அது காட்டியது கடைசிக் கட்டளையை. கார்டின் மேலுள்ள எல்இடியையும் நம்ப வேண்டாம், ரிலே காயிலுக்குக் கட்டளை போனதைத்தான் அது காட்டுகிறது, காண்டாக்ட் மூடியதை அல்ல. கடைசியில் வெளியே ஒரு லாட்சிங் ரிலே வைத்து, செட்டுக்கு ஒரு பல்ஸ், ரீசெட்டுக்கு ஒரு பல்ஸ் என்று மாற்றினோம். அதன் காண்டாக்டை இன்புட்டாகத் திரும்பக் கொண்டுவந்தோம். இப்போது கரண்டு போய் வந்தாலும் நிலை மாறாது, திரையில் தெரிவதும் உண்மை.

அனலாக் கார்டு ஆடிக்காற்றில்தான் தன்னைக் காட்டியது. காற்று உச்சத்தில் இருக்கும்போது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி லோடு டெஸ்பாட்சிலிருந்து சொல்வார்கள். நாங்கள் காற்றாலைக் கண்ட்ரோலருக்கு செட் பாயின்ட், அதாவது இத்தனை மெகாவாட்தான் என்ற அளவு, கொடுப்போம். 4 மில்லியாம்ப் என்றால் பூஜ்யம், 20 என்றால் 50 மெகாவாட். 35-க்கு இறக்கச் சொன்னால் 15.2 போக வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 15.19 காட்டியது. ஒருநாள் ஆர்டியு ரீஸ்டார்ட் ஆனபோது இந்த அவுட்புட் 11 விநாடி அடியோடு பூஜ்யம் மில்லியாம்புக்குப் போனது. 4-க்குக் கீழே போனதால் காற்றாலைக் கண்ட்ரோலர் அதை வயர் அறுந்ததாக எடுத்துக்கொண்டு, பழைய அளவையே பிடித்து வைத்தது. இதே கார்டில் 0-20 செட்டிங்கும் இருக்கிறது. அதைத் தேர்ந்திருந்தால் பூஜ்யத்தை உத்தரவாக எடுத்துக்கொண்டு மொத்தக் காற்றாலையும் இறங்கியிருக்கும். ரீஸ்டார்ட்டின்போது கடைசி அளவைப் பிடித்து வைக்கும் வசதி இந்தக் கார்டில் இல்லை, அது குறைதான்.

மற்றபடி, டெர்மினல்கள் நெருக்கமாக இருக்கின்றன. 2.5 சதுர மில்லி வயரின் லக் நுழையாது, 1.5 போட்டுத்தான் இழுத்தோம். உபரி கார்டு ஒன்று கேட்டதற்கு ஏழு வாரம் ஆனது. சித்திரை வெயிலில் பேனலுக்குள் கை வைக்க முடியாத சூடு, கார்டு தாங்கியது.

மாதம் முதல் திங்கட்கிழமை டம்மி பிரேக்கரில் சோதனை. அது பேனலுக்குள் இருக்கும் ஒரு லாட்சிங் ரிலே, பிரேக்கர் மாதிரியே ட்ரிப், குளோஸ் கட்டளை வாங்கி, நிலையைத் திரும்பச் சொல்லும். உண்மை பிரேக்கரைத் தொடாமல் கண்ட்ரோல் சென்டரிலிருந்து கார்டு வரை முழுப் பாதையும் சோதித்துவிடலாம். அண்ணாச்சிதான் செய்கிறார். ட்ரிப் ஐந்து, குளோஸ் ஐந்து, கடைசியாக ஜம்பர் போட்டு ஒன்று. பதினான்கு மாதமாக அந்தப் பதினொன்றாவது கட்டளையை இந்த ஆர்டியு ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறது. வள்ளியூர்ப் பக்கம் அடுத்த சைட்டுக்கும் இதே ஆர்டியு, இதே ரிலே கார்டைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரு துருவம், நான்கு கார்டு, எட்டு கிலோ ஓம் ஹெவி டியூட்டி ரிலே உபரியோடு.